ராத்திரிச் சாப்பாடு, இரண்டு பேருக்கு

ஆம்பூர்,
திங்கட்கிழமை, மதியம்.

பிரியமுள்ள ஆல்வினுக்கு,

உங்கள் நிஷா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மாமாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் பேனா போனது. கல்யாணமாகி உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதத்தில் எடுத்த எடுப்பிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். அங்கே வெயில் ஜாஸ்தி என்று சொன்னீர்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மாமா என் பக்கத்திலேயே இருக்கிறார், அதுதான் காரணம். மாடிக்குப் போனாலும் பின்னாலேயே படியேறி வருகிறார். உங்கள் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு அவருடைய மறதியைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்? ஒரு தடவை, பகலில் அவர் மேல் ஒரு கண் வைத்திருக்கிற பக்கத்து வீட்டு சுகரா அக்காவிடம் மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுக்க சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாமே என்பீர்கள். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் போன் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். என்ன வந்திருக்கிறது, என்ன போயிருக்கிறது, எல்லாவற்றையும் அமுக்கிக் கேட்பார். பகலில் கம்பெனியில் போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெரு முக்தார் அகமது பாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சவூதி திரும்புகிறார், உங்கள் தம்மாமுக்குத்தான். அவர் கையில் கொடுத்தனுப்புவேன்.

நேற்று நீங்கள் போனில் ஒன்று கேட்டீர்கள். “அப்பாவுக்கு ராத்திரி சாப்பாடு போடறியா, இல்லியா?” என்று. நான் போடறேன் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. மாமா உடனே போனை வாங்கி, நிஷா நல்லாத்தான் பார்த்துக்குது, ஒரு கொறையும் இல்ல என்று சொன்னார். எனக்குப் பயந்துகொண்டு அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். வீடியோவில் உங்கள் முகத்தில் தெரிந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் ஜீவா அக்கா தினமும் மாமாவுக்குப் போன் பண்ணுகிறார். சாப்ட்டீங்களாப்பா என்று கேட்கிறார். இல்லம்மா, இன்னும் ஒண்ணும் குடுக்கல என்று அவர் சொல்கிறார். அக்கா அதை உங்களுக்குச் சொல்கிறார். பெத்த அப்பா சொல்வதை நம்பாமல் இருக்க முடியுமா?

பெல் அடித்துவிட்டார்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

நம் வீட்டு ராத்திரிச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேஜார் குறையும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அத்தை இருந்தவரை நான் சமையலில் தலையிட்டதே கம்மி. அத்தை போய் ஒன்றரை வருஷமாகிறது. ஆரம்பத்தில் அத்தை வைக்கிற அளவிலேயே வைத்து, மறுநாள் சாயந்திரம் வரை அதையே சூடு பண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கு, அதிலும் ஒருவர் சர்க்கரைக்காரர், அரை டம்ளர் அரிசி போதும் என்று தெரிந்துகொள்ளவே மூன்று மாதமானது. பெரிய குக்கரைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். சின்னக் குக்கர் ஒன்று வாங்கினேன்.

கம்பெனி வேன் என்னை இறக்கிவிடும்போது ஆறரை மணி. கை முழுக்க ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை இருக்கும், தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். ஏழு மணிக்கு மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், அதற்குப் பிறகுதான் மாத்திரை. அரை மணி நேரத்தில் என்ன ஆகுமோ அதுதான் நம் சமையல். பாசிப்பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு நாலு விசில் விட்டு, மிளகு சீரகம் தாளித்தால் கிச்சடி. கூட ஒரு முட்டை. சேமியா உப்புமா என்றால் பீன்ஸும் கேரட்டும் மதியமே கேன்டீனில் உட்கார்ந்து நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு போவேன், என் லைனில் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். கடையில் இட்லி மாவு வாங்கினால் முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்துவிட்டால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். கீரை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், ஆய நேரம் இல்லை. ரசம் இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்துவிடுவேன். மாமாவுக்கு ரசமும் முட்டைப் பொரியலும் போதும், சந்தோஷமாகச் சாப்பிடுவார்.

சாப்பிட்டுக் கை கழுவி, அரை மணி நேரம் டிவி பார்ப்பார். பிறகு எழுந்து சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, சாப்பாடு ஆகலியாம்மா என்று கேட்பார்.

முதலில் நான் வாதாடினேன். இப்பத்தானே மாமா சாப்ட்டீங்க, தட்டு பாருங்க ஈரமா இருக்கு என்று காட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வந்தது. வேலூரில் காட்டினோமே, அந்த டாக்டர் வாதாடக் கூடாது என்றார். இந்த மறதி மெதுவாக ஜாஸ்தியாகத்தான் ஆகும், மாத்திரை கொஞ்சம் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான் என்றார். கேட்கும்போதெல்லாம் போட்டால் சர்க்கரை ஏறிவிடும் என்றும் சொன்னார். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்று தோசை கணக்கு என்றால் மூன்றையும் ஒன்றாகக் கொடுப்பதில்லை. ஏழு மணிக்கு ஒன்று, கேட்டால் ஒன்று, மறுபடியும் கேட்டால் ஒன்று. கிச்சடியையும் அப்படித்தான், சின்னக் கிண்ணத்தில். நானும் கூடவே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுவேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது.

ஆனால் டிபனை மாமா சாப்பாடாகவே எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை வருஷமாகத் தோல் டேனரியில் டிரம்மோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சோறும் குழம்புமாகச் சாப்பிட்ட உடம்பு. அக்கா போனில் கேட்கும்போது, ரெண்டு தோசை குடுத்தா, சாப்பாடு போடல என்பார். அதுவும் இல்லாவிட்டால் ஒண்ணும் குடுக்கல என்பார்.

போன மாதம் ஒரு நாள், நான் துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் பைபாஸ் பக்கம் காசிநாதன் தள்ளுவண்டியில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பரோட்டா பாதி முடிந்திருந்தது. வீட்டில் கிச்சடி சாப்பிட்டுக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. காசிநாதன் என்னைப் பார்க்கவில்லை, தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு, பெரியவர் பசின்னு வந்தாரும்மா என்றார். பக்கத்தில் நம் சர்ச்காரர்கள் இரண்டு பேர் பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் என்னைப் பார்க்கவில்லை. நான் மாமா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர முடியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருவரும் என்னிடம் நின்று பேசவில்லை.

புதன்கிழமை

நேற்று சாயந்திரம் நான் வேனை விட்டு இறங்கி வந்தால் வீட்டு வாசலில் ஜீவா அக்காவின் செருப்பு கிடந்தது. பாகாயத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சமையல்கட்டில் எல்லா டப்பாவும் இடம் மாறி இருந்தது. சின்னக் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, இதிலயா ஆக்கற என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வீட்டில் அஞ்சு பேருக்கு ஆக்குகிறவர். பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கச் சொன்னார்.

அவரே சமைத்தார். சோறு, முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மாமாவைத் தன் கையாலேயே உட்காரவைத்துப் பரிமாறினார். மாமா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உங்க அம்மா கையி மாதிரியே இருக்கு என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, போட்டால் எப்படிச் சாப்பிடுகிறார் என்கிற பார்வை. நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

பாத்திரமெல்லாம் கழுவி முடிக்கும் நேரத்தில் சுகரா அக்கா எட்டிப் பார்த்தார். ஜீவா அக்காவை விசாரித்துவிட்டு, எல்லாரும் கேட்பது மாதிரி, சாப்ட்டீங்களா அண்ணா என்று மாமாவிடம் கேட்டார்.

“எங்கம்மா? ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கன்னுதான் பேரு. ஒருத்தரும் ஒரு வாய் போடல.”

அக்கா கழுவிய குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முதலில் சிரித்தார், தமாஷ் பண்ணுகிறார் என்று. பிறகு கிட்டே வந்து, நான்தானேப்பா போட்டேன், முருங்கைக்காய் கொழம்பு என்றார். மாமா அவரை மரியாதையாகப் பார்த்து, அப்படியாம்மா, எப்போ என்று கேட்டார். தெரியாதவர்களிடம் பேசுகிற குரல் அது. நான் அதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு அதுதான் முதல் தடவை.

அக்கா மறுபடியும் தட்டு வைத்தார். சர்க்கரை இருக்குக்கா என்றேன். கொஞ்சமாத்தான் என்று போட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிஷம் கழித்து வந்து வாசலில் நின்று, சாப்பாடு ஆகலியாம்மா என்று கேட்டார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா படுத்த பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா பண்ணப் போற நிஷா?” என்று கேட்டார். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாமாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள முடியாது என்று அக்காவே சொன்னார். மாடி வீடு, படி செங்குத்து, பெரியவளுக்குப் பன்னிரண்டாவது பரீட்சை. நான் கேட்கவே இல்லை. கேட்காமலேயே நாலு தடவை காரணம் சொன்னார், சொல்லச் சொல்ல அழுதார். நான்தான் சமாதானம் பண்ணினேன்.

இன்று காலை கிளம்பும்போது, உன்னத் தப்பா நெனச்சுட்டேன், மனசுல வச்சுக்காத என்றார். உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு ஆல்வின்கிட்ட நானே சொல்றேன், வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவுதானே, அன்னிக்குப் பேசறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். கம்பெனி வேனை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன், அரை மணி லேட்.

வியாழக்கிழமை

அக்கா உங்களிடம் பேசுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். கடிதம் உங்கள் கையில் கிடைப்பதற்குள் அவர் பேசியிருப்பார். பரவாயில்லை, பிறகாவது தெரியட்டும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வி கேட்டபோது எனக்கு வார்த்தை வராமல் போனதற்கு மாமா பக்கத்தில் இருந்தது மட்டும் காரணம் இல்லை.

அதற்கு மூன்று நாள் முன்னால், போன வியாழக்கிழமை, ஷிப்மென்ட் என்று எங்கள் லைன் முழுக்க எட்டு மணி வரைக்கும் ஓவர்டைம் போட்டார்கள். ஓவர்டைம் நாளில் சுகரா அக்காதான் மாமாவுக்குச் சாப்பாடு கொடுப்பார். எப்போதும் அப்படித்தான், சொல்லக்கூட வேண்டியதில்லை. அன்று அவர் தங்கச்சி மகளுக்குப் பிரசவ வலி என்று திடீரென்று திருப்பத்தூர் போய்விட்டார். மத்தியானமே எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். போன் லாக்கரில். வேலை முடிந்து வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேனில் தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாமா போனை வாங்கிக்கொண்டார்.

சாப்பாடு ஆகலியா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. “பசிக்குதும்மா” என்றார்.

அந்த வார்த்தை வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை, ஆல்வின். என் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. சாப்ட்டீங்களே மாமா, சுகரா அக்கா குடுத்தாங்களே என்று சொன்னேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, சிரித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “அப்படியா? மறந்துட்டேம்மா. தப்பா நெனச்சுக்காத” என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஓவர்டைமுக்குக் கொடுத்த பன்னைத் தின்றுவிட்டு நானும் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய பனியன் பிழிந்து போட்ட மாதிரி நனைந்திருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், என்னைப் பார்க்கவில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி ஸ்பூன் ஸ்பூனாக வாயில் விட்டேன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஜெபம் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் விழுங்க ஆரம்பித்தார், பிறகு எழுந்து உட்கார்ந்தார். ஆட்டோவுக்குப் போன் பண்ணலாம் என்று அவர் தலையணைக்குக் கீழேயிருந்து போனை எடுத்தேன். அப்போதுதான் சுகரா அக்கா அனுப்பியதைப் பார்த்தேன்.

இங்கே ஆம்பூர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு, ராத்திரி இன்னா சாப்ட்டாரு என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“நல்லா சாப்ட்டேன் சார். எம் மருமவ போட்டுது.”

நான் வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சுகரா அக்காவிடம் கூட. அவர் திரும்பி வந்து அண்ணா சாப்ட்டாரா அன்னிக்கு என்று கேட்டதற்கு, ம் என்றேன்.

எத்தனையோ நாள் நான் போட்டதைப் போடவில்லை என்றார். ஊரே நம்பியது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் மனசுக்குள் பயம் இல்லை. இப்போது அக்கா என் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிறார், அதைக் கேட்டுத்தான் பயம் வருகிறது. இதை வைத்துக்கொண்டு நான் உங்களோடு எப்படி போனில் சிரித்துப் பேசுவேன்?

அன்றிலிருந்து அவர் கேட்டால் கேட்ட உடனே போட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. சர்க்கரை ஏறுகிறது என்று தெரிகிறது, கால் வீங்குகிறது. சாப்ட்டாச்சு மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் நம்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தால், இருந்தால் மட்டும் இது சரியாகிவிடுமா? எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான் இருக்கிறது.

உங்களை வரச் சொல்லமாட்டேன். மார்ச் வரை விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் கோபப்படுங்கள். நீ இனிமேல் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான். ஆனால் அப்படிச் சொன்னால் வேறு யார் பார்ப்பார்கள் என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். போனில் அவர் முகத்தைப் பார்த்ததும், சாப்ட்டீங்களாப்பா என்று கேட்காதீர்கள். அக்காவிடமும் சொல்லுங்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் அதைத்தான் கேட்கிறார்கள், பாவம், தெரியாத பாடத்தில் பரீட்சை மாதிரி அவர் விழிக்கிறார். டேனரியைப் பற்றிக் கேளுங்கள், எந்தத் தோலுக்கு எத்தனை நாள் ஊறல் என்று இன்னும் தப்பில்லாமல் சொல்கிறார். நீங்கள் பிறந்த கதையைக் கேளுங்கள். இங்கே மழை வந்ததா என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், என்னிடம் கேளுங்கள்.

பெல் அடிக்கப் போகிறார்கள். கர்த்தர் அந்தத் தூர தேசத்தில் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும். ரூமில் ஒருத்தருக்குத்தானே என்று சோம்பல்பட்டு வெறும் குப்பூஸ் ரொட்டியையும் டீயையும் வைத்து ராத்திரியை ஓட்டாதீர்கள். இரண்டு முட்டையாவது உடைத்து ஊற்றிச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நிஷா